"வேற என்ன செய்யலாம்?" – நம் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டமொன்றில், பிள்ளைக் காம்பராவில் நீண்டகாலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தையும் கிலோக் கணக்கையும் பேசுகிற சங்கக் கூட்டத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பேசி முடிக்கும்போது, இதுவும் சங்கத்தின் விஷயம்தான் என்று நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். நான் தினமும் கண்ட ஒரு காட்சியை முதலில் சொல்கிறேன்.

பின்னேரம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டு, நனைந்த படங்கைக்கூட கழற்றாமல் ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறாள். வாசலிலேயே இன்னொரு தாய் பிடித்துக்கொள்கிறாள். "ஒங்க மகன் இன்னைக்கும் என் புள்ளையக் கடிச்சிட்டான், பாருங்க!" எல்லோரும் பார்க்கிறார்கள். இவளுக்கு வெட்கம், களைப்பு, கோபம் எல்லாம் ஒன்றாக வருகிறது. மகனை இழுத்து முதுகில் ரெண்டு போடுகிறாள். பையன் அழுகிறான். கதை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

மறுநாள் அதே பையன் திரும்பவும் கடித்தான். இந்த முறை காம்பராவுக்குப் பின்னால், என் கண் படாத இடத்தில் கடித்தான். முதல் நாள் வாங்கிய அடியிலிருந்து அவன் கற்றுக்கொண்டது அதுதான்.

இதே காம்பராவில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. மூலையில் உட்கார்ந்திருக்கும். கையில் இருப்பதை யாராவது பிடுங்கினால் விட்டுவிடும். தாகம் எடுத்தாலும் தண்ணி கேட்காது. அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் முறைப்பாடு சொன்னதில்லை. "எவ்வளவு நல்ல புள்ள, சத்தமே இல்ல" என்று நானே பல முறை புகழ்ந்திருக்கிறேன். கடிக்கிற பிள்ளைக்கும் வாய் திறக்காத பிள்ளைக்கும் ஒரே குறைதான் இருந்தது என்று எனக்கு விளங்க நிறைய வருஷம் எடுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒருவனுக்குப் பல்லால் கடிக்கிறது. மற்றவளுக்கு ஒதுங்கிப் போகிறது. இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவர்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜோர்ஜ் ஸ்பிவாக், மெர்னா ஷுவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து 1974இல் புத்தகமாக எழுதினார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்த்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளை அல்ல. வருமானம் குறைந்த கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த, பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களில் விடப்பட்ட நாலு வயதுப் பிள்ளைகளை. தாய் வேலைக்குப் போக, யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். நம்முடைய பிள்ளைகளைப் போல.

அவர்கள் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். "இந்தப் பிள்ளையிடம் ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் அது வேண்டும். அது என்ன செய்யலாம்?" ஒரு பதில் வந்ததும் விடவில்லை. "சரி, வேறு என்ன செய்யலாம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒத்துப்போகிற பிள்ளைகள் பல வழிகள் சொன்னார்கள். "கேக்கலாம், மாத்திக்கலாம், ரெண்டு பேரும் சேந்து விளையாடலாம், அவன் முடிக்கும் வரைக்கும் இருக்கலாம்" என்ற மாதிரி. உடனே அடிதடிக்குப் போகிற பிள்ளைகளும் அளவுக்கு மீறி ஒதுங்குகிற பிள்ளைகளும் ஒன்றிரண்டு வழிகளோடு நின்றுவிட்டார்கள். ஒன்றைச் செய்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவும் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இது மூளைத் திறமையின் குறைவு இல்லை என்பதையும் பார்த்தார்கள். புத்திசாலித்தனத்தை அளக்கும் சோதனையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையிடமும் இந்தக் குறை இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். தினமும் கொஞ்ச நேரம், சில மாதங்கள், விளையாட்டைப் போலவே யோசிக்கப் பழக்கினார்கள். சின்னச் சின்னச் சொற்களில் ஆரம்பித்தார்கள். நம் பேச்சில் சொன்னால் "இது, இது இல்ல", "ஒரே மாதிரி, வேற மாதிரி", "முந்தி, பிந்தி", "ஏன், ஏன்னா", "ஒருவேளை". இந்தச் சொற்கள் பிள்ளைக்குப் பழகிய பிறகு, சண்டை வரும்போது அதே சொற்களை வைத்துப் பேசினார்கள். "நீ அடிச்சதுக்கு முந்தி என்ன நடந்தது? அடிச்சதுக்குப் பிந்தி என்ன நடந்தது? இதுக்கு வேற மாதிரி ஒரு வழி இருக்கா?" அடிக்கிற பிள்ளைகளிடம் அடி குறைந்தது. ஒதுங்கிய பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். பிறகு தாய்மாருக்கும் இதே முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் தாயோடு பழகிய பிள்ளையின் நடத்தை, பராமரிப்பு நிலையத்திலும் மாறியது. படித்த தாயால் மட்டும்தான் இது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. பேசத் தெரிந்த எந்தத் தாயாலும் முடியும்.

சரி, லயத்தில் இதை எப்படிச் செய்வது? ஒரு உதாரணம். உங்கள் மகன் பக்கத்துக் காம்பராப் பையனைத் தள்ளிவிட்டு அவனுடைய டயரைப் பிடுங்கிவிட்டான். வழக்கமாக நாம் கேட்பது, "ஏன்டா தள்ளின? அறிவு இல்ல?" அதற்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. அது கேள்வியே இல்லை, திட்டு. இப்படிப் பேசிப் பாருங்கள்.

"என்ன நடந்துச்சு, மகன்?"

"அவன் டயர் தரல."

"அதுக்கு நீ என்ன செஞ்ச?"

"தள்ளுனேன்."

"தள்ளுனதும் அவனுக்கு எப்படி இருந்துச்சு?"

"அழுதான்."

"ஒனக்கு?"

"அம்மா ஏசுறீங்க. அவன் விளையாட வர மாட்டேங்கிறான்."

"டயர் வேணும்னா வேற என்ன செய்யலாம்?"

"கேக்கலாம்."

"கேட்டும் தரலன்னா?"

"... என் பந்தக் குடுத்து மாத்திக்கலாம்."

"சரி, போய்ச் செஞ்சு பாரு."

நாலே கேள்விதான். என்ன நடந்தது? அவனுக்கு எப்படி இருந்தது? அதனால் என்ன ஆனது? வேறு என்ன செய்யலாம்? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை யோசிக்கட்டும். முதல் நாள் "தெரியாது" என்று நிற்பான். இரண்டாம் நாளும் நிற்பான். பரவாயில்லை. அவன் சொல்கிற வழி தவறாக இருந்தாலும் சிரிக்காதீர்கள். "அப்படிச் செஞ்சா என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். கல்லெடுத்து எறியப் போகிற நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் கையைப் பிடியுங்கள். அழுகை அடங்கிய பிறகு கேளுங்கள்.

வயதையும் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பது முழுதாக விளங்காது. 1983இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற ஆய்வாளர்கள் ஒரு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பையன் தன் சொக்லட்டை ஓர் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறோர் இடத்துக்கு மாற்றி வைக்கிறாள். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? முதலில் வைத்த இடத்தில்தான் என்று நமக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும், இப்போது இருக்கிற இடத்தில் தேடுவான் என்கிறார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த வயதின் கணக்கு. நாலு, ஐந்து வயதில்தான், அடுத்தவனுக்கு வேறு நினைப்பு இருக்கும் என்பது மெல்ல விளங்குகிறது.

உங்கள் பெரிய மகளிடமும் சின்ன மகனிடமும் பிஸ்கட் டின்னை வைத்து இதைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். அதனால் மூன்று வயதுப் பிள்ளையைச் "சுயநலம் பிடிச்சது" என்று ஏசுவதில் பயன் இல்லை. "தங்கச்சிக்குப் பசிக்குது, அதான் அழுவுது", "அப்பா இன்னைக்குக் களைச்சுப் போய் வந்திருக்கார், அதான் பேசாம இருக்கார்" என்று பிறர் மனதை நாம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. தண்ணி பிடிக்கப் போகும்போது, ரொட்டி சுடும்போது பேசினால் போதும்.

அடுத்தது பொறுமை. "எம் புள்ளைக்குப் பொறுமையே இல்ல, கண்டதும் உடனே வேணும்" என்று சொல்லாத தாய் இல்லை. இதைப் பற்றி 2013இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 28 சின்னப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் பெரியவர் ஒருவர், "கொஞ்சம் இரு, இதைவிட நல்ல வர்ணப் பெட்டி கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபக்கம் வெறுங்கையோடு வந்து, "இல்லை, மன்னித்துக்கொள்" என்றார். அதன் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் இனிப்பைக் கொடுத்து, "நான் வரும் வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான்.

இதில் எந்தப் பிள்ளையும் கெட்ட பிள்ளை இல்லை. வாக்கு நிலைக்காத இடத்தில் கையில் கிடைத்ததைத் தின்றுவிடுவதும் யோசித்துச் செய்கிற காரியம்தான். நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். "சம்பளத்துக்கு வாங்கித் தாறேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? சம்பளத் துண்டைப் பார்த்தால் கடனுக்கும் கடைக்கும் போய் மிச்சம் ஒன்றும் இருக்காது. அது தாயின் குற்றம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு அது விளங்காது. அதனால் பெரிய வாக்கைக் கொடுக்காதீர்கள். சின்ன வாக்கைக் கொடுத்துக் கட்டாயம் காப்பாற்றுங்கள். "சோறு வடிச்சதும் உன்னைத் தூக்குறேன்" என்று சொன்னால், வடித்ததும் தூக்குங்கள். "இந்த முறை முடியல, மகள், காசு பத்தல" என்று உண்மையைச் சொல்லுங்கள். பொறுமை இப்படித்தான் வளரும்.

விளையாட்டையும் குறைவாக நினைக்க வேண்டாம். 1940களில் சோவியத் நாட்டில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் பிள்ளைகளை "ஆடாமல் நில்" என்று நிறுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. "நீ காவல்காரன், தொழிற்சாலையைக் காவல் காக்கிறாய்" என்று விளையாட்டாக நிறுத்தியபோது அதே பிள்ளைகள் பல மடங்கு நேரம் நின்றார்கள். நம் காம்பராவில் பிள்ளைகள் கொழுந்து நிறுக்கிற விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவன் கணக்கப்பிள்ளை, ஒருத்தி கொழுந்துக்காரி, ஒருவன் தராசு பிடிப்பான். கணக்கப்பிள்ளையாக நிற்பவன் தன் முறை முடியும் வரை கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அந்த ஆட்டத்துக்குள் தன்னைக் கட்டுப்படுத்தவும், முறைக்குக் காத்திருக்கவும், விதியை ஞாபகம் வைக்கவும் பழகுகிறான். கையடக்கத் தொலைபேசியைக் கொடுத்தால் பிள்ளை சும்மா இருப்பது உண்மைதான். ஆனால் அது அவனிடம் "உனக்குக் கோபமா?" என்று கேட்காது, முறைக்கு முறை விட்டும் கொடுக்காது.

அடியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆசிரியர் அடித்தால் நாம் போய்க் கேட்கிறோம், சங்கத்தையும் கூட்டிப் போகிறோம். அதே பிள்ளையை வீட்டில் அடிக்கிறோம். ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் அடித்தவள்தான். நாள் முழுக்க மலையில் ஏச்சு வாங்கி வந்து, அதைப் பிள்ளையின் முதுகில் இறக்கியிருக்கிறேன். அன்று ராத்திரி பிள்ளை தூக்கத்தில் விம்மியதை இன்றும் மறக்கவில்லை. அப்படி நடந்துவிட்டால் பிள்ளையிடம், "அம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு, அடிச்சது தப்பு" என்று சொல்லுங்கள். அதனால் நம் மரியாதை குறையாது. தப்புச் செய்தால் என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளை நம்மிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

ஆண் தோழர்களே, இது தாய்மாருக்கு மட்டும் சொன்ன பேச்சு இல்லை. நாலு கேள்வியைக் கேட்க அப்பாவுக்கும் வாய் இருக்கிறது. அப்பா கேட்டால் பிள்ளைக்கு அதன் பெறுமதி இன்னும் கூடும்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் இது மருந்து இல்லை. பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கிற பிள்ளையால் யோசிக்க முடியாது. இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், "தானா சரியாயிரும்" என்று விடாமல் குடும்ப நல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள்.

இப்போது, இது ஏன் சங்கத்தின் விஷயம் என்று சொல்கிறேன்.

நம் மக்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்தக் காலம் முழுக்க நம்மிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றுதான்: கேள்வி கேட்காதே. பெரட்டுக் களத்தில் "ஏன்?" என்று கேட்டவனின் பேரை வெட்டினார்கள். அந்தப் பயம் லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை "ஏன்மா?" என்று கேட்டால் "வாய மூடு" என்கிறோம். பெரட்டில் நமக்குச் செய்ததை நாம் பிள்ளைக்குச் செய்கிறோம். கேட்காமல் வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் அநியாயத்தைக் கண்டால் கை ஓங்குவான், அல்லது தலையைக் குனிந்துகொண்டு போவான். இரண்டாலும் தொழிலாளிக்கு நன்மை கிடைத்ததில்லை. கை ஓங்கியவனுக்கு வேலை போகும். குனிந்தவனுக்கு உரிமை போகும். சங்கம் என்றால் என்ன? கோபத்தை அடக்கி, எதிர்ப் பக்கத்தின் நினைப்பைக் கணக்கிட்டு, இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்து, வேறு என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுவதுதானே? பேச்சுவார்த்தை மேசையில் நம் தலைவர்கள் செய்வதும் டயருக்குச் சண்டை போட்ட பிள்ளை கற்றுக்கொள்வதும் ஒரே வேலைதான்.

அதனால் மாதர் கமிட்டிக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைக் காம்பரா பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் இடமாக இருக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவருக்குப் பயிற்சி வேண்டும். நம் பிள்ளையோடு நம் மொழியில் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் தலையில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளைக் கட்டினால், பால் கொடுத்துத் தூங்க வைக்கத்தான் நேரம் இருக்கும், பேச நேரம் இருக்காது. இதை நிர்வாகத்தோடு பேச வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைக் காம்பராவுக்கோ முன்பள்ளிக்கோ பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற தாய்க்கு அரைப் பேர் போடக் கூடாது.

மூன்றாவது கோரிக்கை நம்மிடமே. வாசலில் நின்று, "ஒங்க புள்ள அடிச்சிட்டான்" என்று எல்லோர் முன்னாலும் இன்னொரு தாயை வெட்கப்படுத்த வேண்டாம். அந்த வெட்கம்தான் பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. "ரெண்டு பேருக்கும் சண்டை, பேசி விடுவோமா?" என்று சொல்லுங்கள்.

கடித்த பையனின் கதையை முடிக்கிறேன். அவனுடைய தாயும் நானும் சேர்ந்து அடியை நிறுத்தி, கேள்வியை ஆரம்பித்தோம். ஒரே நாளில் மாறவில்லை. மாதங்கள் எடுத்தது. ஒரு நாள் மழை நேரம், அவன் கையிலிருந்த தகரத்தை இன்னொருவன் பிடுங்கினான். பையன் வாயைத் திறந்தான். கடிக்கப் போகிறான் என்று நான் ஓடினேன். அவன் சத்தமாக, "அது என்னோடது, குடு!" என்றான். மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் பிள்ளை எழும்பி வந்து, "ரெண்டு பேரும் அடிங்க, நான் பாடுறேன்" என்றாள். அவள் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இன்று பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில், ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: "வேற என்ன செய்யலாம், மகன்?" பதில் வரும் வரைக்கும் பொறுத்திருங்கள்.